முதற்பணம் வரும் திசை

பணம் உலகெல்லாம் சுற்றித் திரிவது என்று நாம் வழக்கமாகச் சொல்லிக்கொண்டாலும், புதிதாய்த் தொடங்கும் தொழிலை நம்பி இறங்கும் பணம் மட்டும் தன் வீட்டு வாசலை விட்டு அதிக தூரம் நடக்க விரும்பாத சுபாவமுடையது. கலிபோர்னியா மாகாணத்து மென்லோ பார்க் என்னும் ஊரில் ஸாண்ட் ஹில் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. துணிகர மூலதனம் போடும் கம்பெனிகள் வரிசையாக வீற்றிருக்கும் அந்தச் சாலையில், தங்கள் அலுவலகத்திலிருந்து காரில் 20 நிமிஷத்துக்குள் போய்ச் சேர முடியாத தொழிலுக்குப் பணம் கொடுப்பதில்லை என்று ஒரு விதி வெகு காலம் வாய்மொழியாக வழங்கிவந்தது. இதைச் சோம்பல் என்று சிரித்துத் தள்ளிவிட முடியாது. தொழில் பழகாத ஓர் இளைஞனிடம் பெருந்தொகையை ஒப்படைப்பவன், அவனுடைய பட்டறையை எட்டிப் பார்க்கவும், அங்கே வேலை செய்பவர்களின் முகக்குறிப்பை அறியவும், கணக்குப் புஸ்தகத்தில் நஷ்டம் ஏறுவதற்கு முன்பே காரியம் எந்தப் போக்கில் போகிறது என்று தெரிந்துகொள்ளவும் விரும்புவது நியாயமே. ஆனால் அந்த நியாயத்தின் பலனாக, அமெரிக்க தேசத்துத் துணிகர மூலதனத்தின் பெரும்பகுதி கலிபோர்னியா, நியூயார்க், மாஸசூஸெட்ஸ் ஆகிய மூன்று மாகாணங்களுக்குள்ளேயே சுழன்று வரலாயிற்று. மற்றப் பிரதேசங்களில் பிறந்த யோசனைகளில் பல, யோசனைகளாகவே மூப்படைந்து போயின.

இந்தக் குறைக்குப் பரிகாரமாகப் பலராலும் கொண்டாடப்பட்டதுதான் கிரௌட் ஃபண்டிங் என்று வழங்கும் கூட்டுநிதி முறை. 2008-இல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் இண்டிகோகோவும், 2009-இல் நியூயார்க்கில் கிக்ஸ்டார்ட்டரும் தொடங்கப்பட்டன. தொழில் தொடங்க விரும்புகிறவர் தம் உத்தேசத்தை எழுத்தாலும் படத்தாலும் விளக்கி, தேவையான தொகை இவ்வளவு, கெடு இத்தனை நாள் என்று அறிவிக்கிறார். பிடித்தவர்கள் தங்களால் இயன்றதைத் தருவதாக வாக்களிக்கிறார்கள். கிக்ஸ்டார்ட்டரின் ஏற்பாட்டில், கெடுவுக்குள் குறித்த தொகை சேராவிட்டால் யாரிடமிருந்தும் ஒரு காசும் எடுக்கப்படுவதில்லை. சேர்ந்துவிட்டால் ஸ்தாபனம் நூற்றுக்கு ஐந்தைத் தன் கூலியாக எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுகிறது. தந்தவருக்குக் கம்பெனியில் பங்கு கிடையாது. செய்யப்போகும் பொருள் ஒன்றோ, ஒரு நன்றிக் கடிதமோதான் பிரதி. இவ்வளவு எளிய ஏற்பாட்டைக் கண்ட பலர், இனி ஒருவன் எந்த ஊரில் பிறந்தான் என்பது அவன் தொழிலுக்கு ஒரு பொருட்டல்ல என்று தீர்மானித்துவிட்டார்கள். தீர்மானம் அவசரமானது என்பது என் அபிப்பிராயம்; முழுவதும் பொய் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

விஷயத்தின் நுனியை முதலில் பிடித்துக் காட்டியது ஒரு சங்கீத ஸ்தாபனத்தின் கணக்கு. 2006-ஆம் வருஷம் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஸெல்லாபாண்ட் என்ற பெயரில் தொடங்கப்பட்ட அந்த ஸ்தாபனத்தில் பாட்டுக் குழுக்கள் தங்கள் பாடல்களைக் கேட்கக் கொடுக்கும். கேட்டவர்கள் 10 டாலர் வீதம் பங்கு வாங்குவார்கள். 50,000 டாலர் சேர்ந்துவிட்டால் அந்தக் குழு ஓர் ஆல்பம் பதிவு செய்து, வருமானத்தில் ஒரு பகுதியைப் பங்குதாரருக்கும் கொடுக்கும். ஸ்தாபனம் 2010-இல் திவாலாகிக் கை மாறியது. ஆனால் அதன் கணக்கேடு அதைவிட நீண்ட ஆயுள் பெற்றது. டொராண்டோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஜய் அகர்வால், கிறிஸ்டியன் காட்டலினி, ஆவி கோல்ட்ஃபார்ப் என்னும் மூவர், இலக்கை எட்டிய 34 குழுக்களின் கணக்கை எடுத்து, ஒவ்வொரு 10 டாலரும் எந்த ஊரிலிருந்து, எந்தத் தறுவாயில் வந்தது என்று ஆராய்ந்து, தங்கள் முடிவை 2011-இல் வெளியிட்டார்கள்.

பாடுகிறவருக்கும் பணம் போடுகிறவருக்கும் இடையே இருந்த சராசரித் தூரம் ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் என்று அவர்கள் கண்டார்கள். ஸாண்ட் ஹில் ரோடின் 20 நிமிஷத்துக்கு எதிரே இந்தத் தொகையை வைத்துப் பார்க்கும் எவருக்கும், தூரம் செத்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் அம்மூவரும் சராசரியோடு நின்றுவிடாமல், பணம் வந்த வரிசையையும் பார்த்தார்கள். அருகில் இருப்பவர்களின் பணம் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. சேர்ந்த தொகை பெரிதா சிறிதா என்பதை அவர்கள் அதிகமாகப் பொருட்படுத்துவதில்லை. தொலைவில் இருப்பவர்களோ, தொகை ஏற ஏறத்தான் தாங்களும் துணிகிறார்கள். அதாவது, 5,000 கிலோமீட்டர் தாண்டி வந்த பணம் பாட்டை மட்டும் கேட்டு வந்ததன்று. தனக்கு முன்னால் வேறு சிலர் கை நீட்டியிருப்பதைப் பார்த்து வந்தது. இதற்குமேல் அவர்கள் செய்த காரியம்தான் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. பாடுகிறவரின் சிநேகிதரும் உறவினருமாக இருக்கக்கூடியவர்களை, அதாவது அந்த ஒருவருக்காகவே ஸ்தாபனத்தில் வந்து சேர்ந்தவர்கள் போல நடந்துகொண்டவர்களை, அவர்கள் தனியே பிரித்து வைத்துப் பார்த்தார்கள். பிரித்ததும், அருகிலிருப்போருக்கும் தொலைவிலிருப்போருக்கும் இடையே காணப்பட்ட அந்த வித்தியாசம் மறைந்துபோயிற்று.

இதன் பொருளை நிதானமாக எடை போட வேண்டும். ஒருவனுக்கு அருகே இருப்பவர் முதலில் பணம் போடுகிறார் என்றால், அதற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும். அவனுடைய திறமையையும் நாணயத்தையும் நேரில் கண்டிருப்பதனால் போடலாம். அல்லது, அவன் தம் தங்கையின் மகன் என்பதனால் போடலாம். முன்னது அறிவு, பின்னது பிரியம். அயலூரான் ஒருவன் சேர்ந்த தொகையைப் பார்த்துத் தைரியம் கொள்ளும்போது, அந்தத் தொகைக்குப் பின்னால் அறிவு நிற்கிறது என்று எண்ணிக்கொள்கிறான்; ஸெல்லாபாண்டின் கணக்கோ, அங்கே பெரும்பாலும் நின்றது பிரியந்தான் என்று சந்தேகிக்கச் செய்கிறது. பிரியத்தை நான் இழிவாகச் சொல்லவில்லை. பெற்றவளைவிடப் பிள்ளையின் சோம்பலை நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. அவனுக்குப் பணம் கொடுப்பதா வேண்டாமா என்று நெருங்கிய உறவினர் கலந்து பேசும் பேச்சில், எந்த வங்கி அதிகாரியின் விசாரணையிலும் வெளிப்படாத உண்மைகள் வெளிப்படும். ஆயினும் அந்தப் பேச்சில் மறுத்தவர்கள் எத்தனை பேர் என்பது இணையப் பக்கத்தில் தெரிவதில்லை. கொடுத்தவர்களின் தொகை மட்டுமே தெரிகிறது.

முதற்பணத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் கிக்ஸ்டார்ட்டர் தானே வெளியிட்டுவந்த கணக்கிலிருந்தும் அறியலாம். இலக்கில் நூற்றுக்கு இருபது பங்கைத் தாண்டிய முயற்சிகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு, இறுதியில் ஜெயித்துவிடுகின்றன. நூற்றில் ஏறக்குறையப் பத்து முயற்சிகள், ஒரே ஒருவரின் வாக்கும் இன்றிக் கெடுவை முடித்துக்கொள்கின்றன. பென்ஸில்வேனியாப் பல்கலைக்கழகத்து ஈதன் மொல்லிக், 48,500 முயற்சிகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கணிப்பைத் தருகிறார்: சராசரியான ஒரு சினிமா முயற்சியை எடுத்துக்கொண்டால், அதைத் தொடங்குகிறவருக்கு ஃபேஸ்புக்கில் 10 சிநேகிதர்கள் இருந்தால் ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 9, 100 பேர் இருந்தால் 20, 1,000 பேர் இருந்தால் 40. இந்தக் கணக்கில் ஊர்ப் பெயரே இல்லை என்பது மெய்தான். ஆனால் ஆயிரம் சிநேகிதர்களை, அதிலும் 50 டாலரைக் கை நடுங்காமல் கொடுக்கக்கூடிய ஆயிரம் சிநேகிதர்களை, ஒருவன் எங்கே சம்பாதிக்கிறான்? படித்த கல்லூரியில், வேலை பார்த்த கம்பெனியில், குடியிருக்கும் தெருவில். நிலக்கரிச் சுரங்கம் மூடிப் பாதிப் பேர் வேலையின்றி இருக்கும் ஊரில் பிறந்தவனுக்கும் நூறு சிநேகிதர்கள் இருப்பார்கள். அவர்களுடைய பிரியத்திலும் குறைவிராது. பிரியத்தைப் பணமாக்கும் சக்திதான் அவர்களிடம் இல்லை. வங்கி அவனிடம் ஈடு கேட்டது. கூட்டுநிதி அவனிடம் வசதியுள்ள சிநேகிதர்களைக் கேட்கிறது. கேட்பதாகச் சொல்லாமலே கேட்கிறது என்பதுதான் வித்தியாசம்.

அருகிலிருப்போரின் பணத்தை அஸ்திவாரமாகக் கொண்ட முறை ஒன்று நமக்குப் புதிதன்று. புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு முதலிய ஊர்களிலும், தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கத்திலும், ஆடி ஆவணி மாதங்களில் மொய் விருந்து என்று ஒன்று நடக்கிறது. கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமலே பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஆட்டுக்கறி சமைத்துப் பரிமாறி, வருகிறவர்களிடம் மொய் வாங்குவார்கள். செலவைப் பங்கிட்டுக்கொள்வதற்காகச் சில குடும்பங்கள் ஒரே பந்தலில் சேர்ந்து நடத்துவதும் உண்டு. லட்சக்கணக்கில் சேரும் அந்தத் தொகை கடை வைக்கவும், நிலம் வாங்கவும், கிணறு வெட்டவும், வாகனம் வாங்கவும் முதலாகிறது. யார் எவ்வளவு எழுதினார் என்று நோட்டில் இருக்கும். அவர் வீட்டு விருந்து வரும்போது, வாங்கியதைச் சற்றுக் கூட்டியே திருப்பி எழுதவேண்டும். இங்கே அறிவும் பிரியமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. அதோடு, கிக்ஸ்டார்ட்டரிடம் இல்லாத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. வாங்கியவன் அதே ஊரில் அதே தெருவில் நடமாடியாக வேண்டும் என்பதே அது. திருப்பி எழுதாதவன் எந்தக் கோர்ட்டுக்கும் போக வேண்டியதில்லை. டீக்கடைக்குப் போனாலே போதும், தண்டனை அங்கே காத்திருக்கும்.

இம்முறையின் குறையும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறி அப்பிரதேசத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, பணம் தேவைப்பட்டவனும் பணம் கொடுக்க வேண்டியவனும் ஒரே இரவில் ஒரே கதிக்கு ஆளானார்கள். மொய் வசூலும் வெகுவாக இறங்கிப்போயிற்று. அருகிலிருப்போரை மட்டும் நம்பும் நிதிக்கு இது தப்பமுடியாத பலவீனம்: ஊருக்கு வரும் கஷ்டம் எல்லார் பணப்பையையும் சேர்த்தே காலி செய்கிறது. தொலைவிலிருந்து வரும் பணத்துக்கு உள்ள பெரிய நற்குணம் இதுவே என்று நான் கருதுகிறேன். அது உன் ஊர் மழையில் நனையாத பணம். இணையக் கூட்டுநிதியைப் புகழ்கிறவர்கள் அதன் வேகத்தையும் விஸ்தாரத்தையும் சொல்லுகிறார்களே தவிர, இந்தக் குணத்தை அவ்வளவாகச் சொல்வதில்லை.

இனி, ஊர்களின் தனித்தன்மை. மொல்லிக்கின் ஆராய்ச்சியில், எந்த நகரத்திலிருந்து எந்த விதமான முயற்சிகள் எழுகின்றன என்பது தற்செயலாக இல்லை: லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சினிமா, நாஷ்வில்லிலிருந்து சங்கீதம், ஸான்பிரான்ஸிஸ்கோவிலிருந்து யந்திரக் கருவிகளும் விளையாட்டுகளும். கலைத்தொழிலும் அறிவுத்தொழிலும் செய்வோர் அதிகமாக வாழும் நகரங்களில் வெற்றியும் அதிகமாக இருக்கிறது. நாஷ்வில்லில் ஒருவன் பாட்டு ஆல்பத்துக்குப் பணம் கேட்டால், அவனைச் சுற்றி ஒலிப்பதிவுக் கூடங்களும், வாத்தியக்காரர்களும், நல்ல பாட்டை நல்ல பாட்டென்று சொல்லத் தெரிந்த காதுகளும் இருக்கின்றன. பணம் கேட்கும் படத்தை எடுத்துக் கொடுப்பவனும் அதே தெருவில் இருப்பான். ஆனால் இந்த இடத்தில் வாசகர் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஊர் மனிதனை உயர்த்திற்றா, உயரக்கூடிய மனிதர்கள் அந்த ஊரைத் தேடிப் போய்ச் சேர்ந்தார்களா என்பதை இவ்விதக் கணக்குகள் எளிதில் பிரித்துச் சொல்லமாட்டா. நாஷ்வில்லில் வாழ்வதனால் பாட்டுக்குப் பணம் கிடைக்கிறது என்று எண்ணி ஒருவன் மூட்டை கட்டினால், அங்கே அவனைப்போலவே மூட்டையோடு வந்திறங்கிய ஆயிரம் பேரை ரயிலடியிலேயே சந்திப்பான்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரு சாதுரியமான வழியை மிங்ஃபெங் லின், சிவா விஸ்வநாதன் என்னும் இருவர் கையாண்டார்கள். பிராஸ்பர் என்னும் அமெரிக்க ஸ்தாபனத்தில் கடன் கேட்பவரும் கொடுப்பவரும் இணையத்தில் சந்திக்கிறார்கள். கடன் கேட்பவர் எந்த மாகாணத்துக்காரர் என்பது அங்கே தெரியும். அருகிலிருப்பவருக்கே கடன் கொடுக்கும் சாய்வு அங்கேயும் இருப்பதைக் கண்ட இவர்கள், ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தவர்களின் கணக்கைப் பார்த்தார்கள். மனிதர் மாறவில்லை, விலாசம் மட்டும் மாறிற்று. மாறியதும், புதிய மாகாணத்தார் அவருக்குக் கொடுக்க முன்வருவது அதிகரித்தது. அவரை அவர்கள் நேரில் பார்த்ததில்லை, பட்டறையை எட்டிப் பார்த்ததுமில்லை; நம் மாகாணத்தான் என்னும் ஒரு சொல்லே போதுமாயிருந்தது. ஆகவே நான் முன்னே சொன்ன அறிவு, பிரியம் என்னும் இரண்டோடு, இரண்டிலும் சேராத வெறும் அபிமானம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மனித சுபாவத்தை அறிந்தவர்கள் இதற்கு ஆச்சரியப்படமாட்டார்கள். ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் நம் ஜில்லா என்று தெரிந்த மாத்திரத்தில் கட்டுச்சோற்றைப் பிரித்து நீட்டுகிற தேசம் நம்முடையது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்து சாக்ஷியை மறைப்பது நேர்மையாகாது. ஆஸ்திரேலியாவில், நியூ ஸவுத் வேல்ஸ் மாகாணத்தின் வடகோடியில், பைரன் பே என்னும் கடற்கரை ஊருக்கு அருகே வசித்த ஆண்டர்ஸன் என்னும் தந்தையும் மகனும், கூட்டைக் கலைக்காமலே குழாயைத் திருகித் தேன் எடுக்கும்படியான ஒரு தேனீப் பெட்டியைச் செய்தார்கள். 2015 பிப்ரவரியில் இண்டிகோகோவில் அவர்கள் கேட்டது 70,000 டாலர். கிடைத்தது 1 கோடியே 20 லட்சம் டாலருக்கும் மேல். அந்த மூலையைத் தேடி எந்தத் துணிகர மூலதனக் கம்பெனியின் காரும் வந்திராது. தேனீ வளர்க்கும் மனிதர்கள் உலகெங்கும் ஊருக்கு இரண்டு பேர், மூன்று பேராகச் சிதறிக் கிடக்கிறார்கள். அடுத்த வீட்டாருக்குப் புரியாத ஒரு கஷ்டம், பத்தாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள இன்னொரு தேனீக்காரருக்குப் படம் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடுகிறது. அவர்களுக்குச் சிநேகிதர்களின் பிரியமும் வேண்டியிருக்கவில்லை, மாகாண அபிமானமும் வேண்டியிருக்கவில்லை. பார்க்கிறவனிடமே அறிவு இருந்தது. பொருளை எடைபோடத் தெரிந்த ஜனங்கள் உலகெங்கும் பரவிக் கிடக்கும் தொழில்களில் ஊரின் ஆதிக்கம் தளர்ந்துவிடுகிறது என்று இதிலிருந்து ஊகிக்கலாம். சினிமா, சங்கீதம், உணவு விடுதி போன்றவற்றில் அது அவ்வளவு எளிதில் தளர்வதில்லை.

அதே 2015-இல் தொலைவின் மறுமுகத்தைக் காட்டிய சம்பவமும் நடந்தது. வேல்ஸ் தேசத்துப் பெம்ப்ரோக் டாக் என்னும் சிறு துறைமுக ஊரில் ஒரு கம்பெனி, ஸானோ என்ற பெயரில், உள்ளங்கையளவு பறக்கும் காமிராவைச் செய்து தருவதாகக் கிக்ஸ்டார்ட்டரில் அறிவித்திருந்தது. 12,075 பேர் சேர்ந்து 23 லட்சம் பவுனுக்கு மேல் கொடுத்தார்கள். ஐரோப்பாவிலிருந்து எழுந்த கிக்ஸ்டார்ட்டர் முயற்சிகளில் அதுவே அப்போது மிகப் பெரியது. லண்டனின் மூலதனக்காரர்கள் ஏறெடுத்தும் பார்க்காத ஊருக்கு இத்தனை பணம் வந்ததை, கூட்டுநிதியின் வெற்றிக்கு அந்த வருஷ ஆரம்பத்தில் உதாரணமாகக் காட்டியிருக்கலாம். நவம்பரில் கம்பெனி திவாலாயிற்று. மிகச் சிலர் தவிர மற்றவர்களுக்குப் பொருள் வரவில்லை. வந்ததும் சொன்னபடி பறக்கவில்லை. நடந்தது என்ன என்று விசாரித்து எழுத ஒரு பத்திரிகையாளரைக் கிக்ஸ்டார்ட்டரே அமர்த்தவேண்டியதாயிற்று. பன்னீராயிரம் பேரில் ஒருவராவது ஒரு சாயங்காலம் அந்தப் பட்டறைக்குப் போய், பறக்கவிட்டுக் காட்டு என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. ஒவ்வொருவரும் கொடுத்தது சிறு தொகை. அந்தத் தொகைக்காக வேல்ஸ்வரை போவது பைத்தியக்காரத்தனம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாருடைய நடத்தையும் புத்திசாலித்தனமே. மொத்தமாகப் பார்த்தால், 23 லட்சம் பவுனுக்கு ஒரு காவற்காரனும் இல்லை. ஸாண்ட் ஹில் ரோடின் 20 நிமிஷ விதி எதற்காக ஏற்பட்டது என்பது இந்த இடத்தில் விளங்குகிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்வது நியாயம். வாக்களித்த பொருளைக் கொடுக்கவே தவறிய முயற்சிகள் கிக்ஸ்டார்ட்டரில் நூற்றுக்கு ஒன்பதளவே என்று மொல்லிக்கின் பிந்திய ஆராய்ச்சி கூறுகிறது. தாமதந்தான் பெரும்பான்மை வியாதி, மோசம் அன்று.

ஊர் என்பதில் சர்க்காரின் எல்லைக்கோடும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெப்பிள் என்னும் கைக்கடிகாரத்தை உண்டாக்கியவர் கனடா தேசத்தவர். வாட்டர்லூ நகரில் தொடங்கிய முயற்சியைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய், 2012 ஏப்ரலில் கிக்ஸ்டார்ட்டரில் 1 லட்சம் டாலர் கேட்டு, 68,929 பேரிடமிருந்து 1 கோடி டாலருக்கு மேல் பெற்றார். அவர் வாட்டர்லூவிலேயே இருந்திருந்தால் அந்த வருஷத்தில் அப்படிக் கேட்டிருக்கவே முடியாது. கனடாவில் இருப்பவர்கள் கிக்ஸ்டார்ட்டரில் முயற்சி தொடங்கலாம் என்ற அனுமதி 2013 செப்டம்பரில்தான் வந்தது. உலகத்துக்கெல்லாம் திறந்த வாசல் என்று சொல்லப்பட்டது, பணம் கொடுக்க வருகிறவனுக்குத்தான் உலகளாவியதாக இருந்தது. கேட்க வருகிறவனிடம் விலாசம் கேட்டது. இந்தியாவில் இருப்பவனுக்கு அந்த வாசல் இன்னும் திறக்கவில்லை. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ கம்பெனி பதிவு செய்து சுற்றுவழியாக நுழைகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்ய வசதியும், அங்கே ஓர் ஆளும் வேண்டும்.

பொருளுக்குப் பதிலாகப் பங்கே கொடுத்துப் பணம் திரட்டலாமா என்றால், அங்கே சட்டம் இன்னும் கடுமை. அமெரிக்காவின் கான்ஸாஸ் மாகாணம் 2011-இல் ஒரு விலக்கை ஏற்படுத்தி, அம்மாகாணத்துக் கம்பெனிகள் அம்மாகாணத்து மக்களிடமிருந்து மட்டும் 10 லட்சம் டாலர்வரை பங்குப் பணம் திரட்டிக்கொள்ள இடங்கொடுத்தது. தேசம் முழுவதற்குமான விதி நடைமுறைக்கு வந்தது 2016 மே மாதத்தில். மாகாணத்துக்குள் என்னும் அந்தக் கட்டுப்பாட்டைப் பழமைப் புத்தி என்று பலர் கேலி செய்தார்கள். எனக்கு அதில் விவேகம் தெரிகிறது: பணம் கொடுத்தவன் வேண்டுமானால் வண்டியேறிப் போய்க் கதவைத் தட்டிக் கேட்கலாம் என்ற நிலைமையைச் சட்டமே உண்டாக்கிற்று. நம் தேசத்தில் 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், தனிப்பட்ட முறையில் பங்கு கொடுப்பதை ஒரு நிதியாண்டில் 200 பேருக்குள் அடக்குகிறது. பங்குச் சந்தையை மேற்பார்க்கும் செபி 2014 ஜூனில் கூட்டுநிதி பற்றி ஓர் ஆலோசனைப் பத்திரம் வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. ஆனால் விதிகள் பிறக்கவில்லை. 2016 ஆகஸ்டில் வந்தது, அங்கீகாரம் பெறாத இணையத் தளங்களைப் பற்றிய எச்சரிக்கைதான். இருநூறு பேர் என்பது மொய் விருந்தில் ஒரு பந்திக்குக்கூடக் காணாது.

ஆயினும் நம் பக்கத்திலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. கன்னடத்தில் 'லூசியா' என்ற படத்தை எடுக்கத் தயாரிப்பாளர் கிடைக்காத பவன்குமார், இணையத்தில் வெளிப்படையாக எழுதிக் கேட்டு, 110 பேரிடமிருந்து ஏறக்குறைய 50 லட்சம் ரூபாயை ஒரு மாதத்துக்குள் திரட்டினார். படம் 2013-இல் வெளிவந்து ஜெயித்தது. பிறகு தமிழில் 'எனக்குள் ஒருவன்' என்று எடுக்கப்பட்டது. இங்கே பணத்தைக் கூட்டி வந்தது ஊரைக் காட்டிலும் பாஷை என்று சொல்லவேண்டும். தங்கள் மொழியில் புதுவிதமான படம் வரவேண்டும் என்ற ஆசை, தேனீக்காரர்களின் அறிவுக்கும் மாகாணத்தாரின் அபிமானத்துக்கும் நடுவே நிற்பது. ஆனால் 50 லட்சத்தை 110-ஆல் வகுத்துப் பார்த்தால் தலைக்கு 45,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. இது வசதியுள்ளவர்களின் பணம். சிறு துளிகள் சேர்ந்த வெள்ளம் என்று கூட்டுநிதியை வர்ணிக்கிறவர்கள் இந்த வகுத்தலையும் ஒரு தரம் செய்து பார்க்கலாம்.

கிக்ஸ்டார்ட்டரில் முயற்சிகளின் பக்கங்களில், பணம் தந்தவர்கள் எந்த ஊர்களிலிருந்து, எந்த தேசங்களிலிருந்து அதிகமாக வந்தார்கள் என்று ஒரு ஜாபிதா காணப்படுகிறது. ஊர் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, காலம் இல்லை. முதல் இரண்டு நாளில் வந்த பணம் எந்த ஊருடையது, அவர்களில் எத்தனை பேர் அந்த ஒருவருக்காகவே புதிதாகக் கணக்குத் தொடங்கியவர்கள், எத்தனை பேர் முன்பே பல முயற்சிகளுக்குக் கொடுத்துப் பழகியவர்கள் என்ற மூன்று விவரங்களையும் அதே ஜாபிதாவில் சேர்த்துவிட்டால், தொலைவில் இருந்து பார்க்கிறவன் பிரியத்தை அறிவென்று மயங்காமல், தானே தீர்மானித்துக்கொள்வான். மூன்றும் ஸ்தாபனத்தின் ஏடுகளில் ஏற்கெனவே உள்ளவைதான். சேர்ப்பதற்கு ஒரு குமாஸ்தாவின் அரைநாள் வேலைகூடப் பிடிக்காது. சேர்த்தால் சில முயற்சிகள் நூற்றுக்கு இருபதிலேயே நின்றுபோகும். நின்றுபோன முயற்சியிலிருந்து நூற்றுக்கு ஐந்து வராது. ஆகவே அந்த ஸ்தாபனங்கள் தாமாக முன்வந்து இதைச் செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. செபி என்றைக்காவது தன் 2014-ஆம் வருஷத்துப் பத்திரத்தைத் தூசி தட்டி எடுக்குமானால், அதில் எழுதிச் சேர்க்க வேண்டிய ஷரத்து இது.